எங்கள் வீட்டுக் குடவோலை

காஞ்சிபுரத்திலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் உத்திரமேரூர். சமீபத்தில் அங்கே என் தம்பி வீட்டில் பத்து நாள் தங்கியிருந்தேன்.

அந்த ஊருக்குப் போகிறவர்கள் வைகுண்டப் பெருமாள் கோவிலைப் பார்க்காமல் வரக் கூடாது. சுவரெல்லாம் எழுத்து! கி.பி. 919, 921-ல், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வெட்டியவை. 30 குடும்புகளிலும் பெயர்களை ஓலையில் எழுதி, குடத்தில் போட்டு, விவரம் தெரியாத ஒரு சிறு பிள்ளையை விட்டு எடுக்கச் செய்து சபைக்கு ஆள் தேர்ந்தெடுத்தார்களாம்.

இதைக் கேட்டதும் என் மனசு தம்பி பிள்ளையிடம் ஓடியது. மூன்று வயசு, பேச்சில்லை. கூப்பிட்டால் திரும்புவதும் இல்லை. "ஆம்பளைப் பிள்ளை மெதுவாத்தான் பேசும்" என்று சொல்லிச் சொல்லியே ஒரு வருஷத்தை வீணாக்கினோம். அப்படிச் சொன்னவர்களில் நானும் ஒருத்தி. பிறகுதான் காதைப் பரிசோதித்து, ஆட்டிசம் என்று தெரிந்துகொண்டோம்.

இப்போது பேச்சுப் பயிற்சி நடக்கிறது. பயிற்சி என்றால் முழுக்க விளையாட்டுத்தான்! "பேசு, பேசு" என்று நச்சரிக்கக் கூடாதாம். அவன் தட்டை உருட்டினால் அம்மாவும் எதிரே உட்கார்ந்து உருட்டுகிறாள். "உருளுது, உருளுது" என்று சின்னச் சின்ன வார்த்தையாகச் சொல்கிறாள். அவனுக்குப் பிடித்த பொம்மைக் காரைத் தூக்குப் பாத்திரத்தில் போட்டு, இறுக மூடி, அவன் கையில் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறாள்.

அவன் திணறுவதைப் பார்க்கப் பொறுக்காமல் நான் மூடியைத் திறக்கப் போனேன்.

"அக்கா, நீங்களே எடுத்துக் குடுத்துட்டா அவன் எதுக்குக் கேக்கணும்? கொஞ்சம் பொறுங்க" என்றாள் தம்பி மனைவி. சுருக்கென்றது.

ஊருக்குக் கிளம்பும் அன்று காலை, தூக்கை என் மடியில் வைத்தான். நான் வாய் திறக்கவில்லை. மனசுக்குள் பத்து எண்ணினேன். என் முகத்தை நிமிர்ந்து பார்த்து, "த்தா" என்றான்! ஒரு சொல்லால் எல்லாம் சரியாகிவிடாது, தெரியும். ஆனாலும் கேட்டுவிட்டானே!

சகோதரிகளே, 16 மாதத்தில் ஒரு சொல்கூட வரவில்லையா? இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லையா? பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பவில்லையா? எங்களைப் போல் நாள் கடத்தாதீர்கள். அரசு ஆஸ்பத்திரி குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள். முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்காக 2005-ல் ஆரம்பித்த மத்திய அரசின் தேசிய நிறுவனமும் இருக்கிறது.

வீட்டில் ஒரு தூக்கும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால், மற்றதைக் கற்றுக்கொள்ளலாம்.