தோண்டுமுன் ஒரு சொல்



பிறர் தம் குற்றத்தைச் சொல்லக் கேட்டே பழகிய செவி ஒரு குருவினுடையது. இன்று நான் என் குற்றம் ஒன்றை உங்களுக்குச் சொல்ல வேண்டியவனாய் இருக்கிறேன்.

தொப்பூர்க் கணவாயைக் கடக்கும் நெடுஞ்சாலையிலிருந்து சற்றே விலகி, எங்கள் பங்கின் கிளைக்கிராமம் ஒன்று உள்ளது. அங்குள்ள சிற்றாலயத்தின் முன் அன்னை மரியாவுக்கு ஒரு கெபி எழுப்ப வேண்டும் என்பது அம்மக்களின் நெடுநாளைய ஆசை. கடைக்கால் தோண்ட ஒருநாள் காலை ஜே.சி.பி. இயந்திரம் வந்தது. நான் செபம் சொல்லி, தீர்த்தம் தெளித்து வேலையைத் தொடங்கி வைத்தேன். விண்ணகத்தின் ஆசியைக் கேட்ட நான், அந்த நிலத்தின் அடியில் என்ன இருக்கிறது என்று ஊராரிடம் கேட்கவில்லை.

சிறிது நேரத்தில் இயந்திரத்தின் பல், மண்ணுக்குள் கிடந்த கறுப்புக் குழாய் ஒன்றை உரசிற்று. நீர் மெல்லக் கசிந்தது. "சின்னக் கீறல்தாங்க சாமி, மண்ணைத் தள்ளி மூடிடலாம்" என்றார் ஓட்டுநர். திருவிழாவுக்குள் பணி முடிய வேண்டுமே என்ற அவசரம் எனக்கு. "சரி, மூடிவிடுங்கள்" என்றேன்.

அது சாதாரணக் குழாயன்று. எங்கள் மாவட்டத்தின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி என்பது நீங்கள் அறிந்ததே. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் அது இருத்தலாகாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அளவு மீறிய நீரைப் பல்லாண்டு குடித்தவர்களின் பற்கள் கறைபடும். எலும்புகள் இறுகி மூட்டுகள் வளையும். இத்துன்பத்தைத் தணிக்கவே ஜப்பான் நாட்டின் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் உருவாகி, 2013-ஆம் ஆண்டு தொடங்கி வைக்கப்பட்டது. அந்தக் காவிரி நீரைச் சுமந்து வந்த குழாயைத்தான் நான் மண்ணிட்டு மூடச் சொன்னேன்.

நான்கு நாட்கள் கழிந்தன. நோயாளிகளுக்கு நற்கருணை வழங்கச் சென்றபோது, மேட்டுத் தெருவின் கடைசி வீட்டுப் பாட்டி ஒருவர், முதுகு வளைந்த நிலையில் பழைய ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து குடம் சுமந்து வந்தார். "காவேரித் தண்ணி வர்றதில்லீங்க சாமி, ரெண்டு நாளா இதுதான்" என்றார். கையிலிருந்த நற்கருணைப் பேழை எனக்குப் பாரமாயிற்று.

அன்று மாலையே நீர்த்தொட்டி இயக்குபவரைத் தேடிச் சென்றேன். நீரின் வேகம் எங்கே குறைகிறது என்று தெரியாமல், இரண்டு நாட்களாகத் தெருத்தெருவாய் அலைந்துகொண்டிருந்தார் அவர். நடந்ததைச் சொன்னேன். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "அடிபட்டது பெரிசில்லீங்க சாமி. மூடினதுதான் தப்பு. தோண்டறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருந்தா, நானே வந்து கோடு போட்டுக் காட்டியிருப்பேனே" என்றார். முப்பதாண்டுக் காலம் ஒப்புரவு அருட்சாதனம் வழங்கிய எனக்கு, அவர் வாயிலிருந்து வந்தது சிறந்த அறிவுரை.

மறுநாள் அரை நாளில் குழாய் சீராயிற்று. குழி தோண்டித் திறந்து விட்டவன், அதில் விழுந்த மாட்டுக்கு ஈடு கொடுக்க வேண்டும் என்று விடுதலைப் பயண நூலின் 21-ஆம் அதிகாரம் விதிக்கிறது. மாட்டுக்கே அவ்வாறெனில் மனிதரின் குடிநீருக்கு என்ன சொல்வது! செலவை நானே ஏற்றேன். ஞாயிறு திருப்பலியில் மக்கள்முன் மன்னிப்பும் கேட்டேன்.

மறைக்கப்பட்ட கீறல் எவ்வளவு கொடியது என்பதற்கு உலகமறிந்த சான்று ஒன்று உண்டு. பெல்ஜியம் நாட்டின் கிஸ்லாங்கியான் என்னுமிடத்தில், கட்டுமான இயந்திரம் ஒன்று நிலத்தடி எரிவாயுக் குழாயை உரசியிருந்தது. குழாய் உடனே வெடித்துவிடவில்லை. பின்னர் வாயுவின் அழுத்தம் கூட்டப்பட்டபோது, 2004 ஜூலை 30 அன்று அது வெடித்தது. உதவிக்கு வந்த தீயணைப்பு வீரர்கள் உட்பட 24 பேர் மாண்டனர்.

நம் நாட்டிலும் முறையின்றித் தோண்டுவதால் ஆண்டுக்குச் சுமார் 3,000 கோடி ரூபாய் இழப்பு நேர்வதாக அரசு மதிப்பிட்டது. ஆகவே தோண்டுவோரையும் நிலத்தடிக் குழாய், கம்பிவடங்களின் உரிமையாளரையும் இணைக்க, 'கால் பிஃபோர் யூ டிக்' என்னும் செயலி 2023 மார்ச் 22 அன்று தொடங்கப்பட்டது. தோண்டுமுன் கேள் என்பதே அதன் பொருள்.

வீட்டுக்குக் கடைக்கால் எடுப்போரும், கழிப்பறைக் குழி வெட்டுவோரும், ஆழ்குழாய்க் கிணறு அமைப்போரும் முதலில் ஊராட்சி அலுவலகத்தில் கேளுங்கள். தொட்டி இயக்குபவரையும் மின்வாரியத்தாரையும் விசாரியுங்கள். குழாய் இருக்கும் இடத்தில் இயந்திரத்தை நிறுத்திக் கையால் தோண்டுங்கள். எரிவாயு, எண்ணெய்க் குழாய்களின் எச்சரிக்கைக் கற்கள் நிற்குமிடத்தில் உரியவர் வராமல் மண்வெட்டியும் படலாகாது. தவறிப் பட்டுவிட்டால் மூடாதீர்கள், உடனே சொல்லுங்கள்.

குடும்பத்திலும் அப்படியே. கணவன் மனைவியரிடையே பட்ட கீறலை மண் போட்டு மூடினால், நீர் வற்றுவது பிள்ளைகளின் வாயில்.

எங்கள் கெபி இப்போது ஆறடி தள்ளி எழும்பி நிற்கிறது. அதன் கடைக்காலுக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டுத் தந்தவர் அந்தத் தொட்டி இயக்குபவரே.