மூன்று சகோதரிகளின் மேஜை

இங்கிலாந்தின் வட பகுதியில், யார்க்ஷயரில், கீத்லி என்று ஓர் ஊர். எழுதுவது ஒரு மாதிரி, உச்சரிப்பது வேறு மாதிரி. ஆங்கிலேயரின் வழக்கம்தானே அது! அங்கே நீராவி ரயிலில் ஏறினால் சற்று நேரத்தில் ஹாவொர்த் வந்துவிடும். அரசாங்க ரயில்வே கைவிட்ட இந்தப் பாதையை, ரயில் பிரியர்கள் சிலர் சேர்ந்து 1968-ல் மறுபடி ஓடவிட்டார்கள்.

இறங்கியதும் கல் பாவிய செங்குத்தான தெருவில் மூச்சு வாங்க ஏறுங்கள். உச்சியில் மாதா கோயில், அதையொட்டி இடுகாடு, இடுகாட்டைப் பார்த்தபடி பாதிரியார் வீடு. சார்லட், எமிலி, ஆன் என்ற பிரான்ட்டி சகோதரிகள் வாழ்ந்த வீடு அதுதான். 1928 முதல் பொருட்காட்சிசாலையாக இருக்கிறது.

இடுகாடு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் 1850-ல் பாபேஜ் என்ற சுகாதார அதிகாரி இந்த ஊரை ஆராய்ந்தபோது, நூறு குழந்தைகளில் 41 குழந்தைகள் ஆறு வயது நிரம்புமுன் இறந்துவிடுவதாகக் கண்டார். கெட்ட தண்ணீரும் சாக்கடை வசதியின்மையும் செய்த வேலை. பாதிரியார் வீட்டையும் மரணம் விடவில்லை. க்ஷயரோகத்துக்கு 1848-ல் எமிலியும், மறு வருஷம் ஆனும் பலியானார்கள். இருவரும் முப்பது வயதைத் தாண்டவில்லை.

உள்ளே போனால் சாப்பாட்டு அறை. அங்கே உள்ள மேஜையைச் சற்று நின்று பாருங்கள். மைக்கறை உண்டு, மேல்பலகையில் சிறிதாக 'இ' என்ற ஆங்கில எழுத்தும் செதுக்கியிருக்கிறது. பகலெல்லாம் வீட்டு வேலை. எமிலி ஜெர்மன் புத்தகத்தை எதிரே நிறுத்திக்கொண்டு ரொட்டி மாவு பிசைவாளாம்! இரவில் மூவரும் இந்த மேஜையைச் சுற்றிச் சுற்றி நடந்தபடி தங்கள் கதைகளைப் பற்றிப் பேசுவார்கள். தங்கைகள் போன பிறகு சார்லட் மட்டும் தனியாகச் சுற்றினாள்.

இலக்கியம் பெண்களின் தொழிலல்ல என்று, ஆஸ்தான கவி ஸதே 1837-லேயே சார்லட்டுக்கு எழுதிவிட்டார். அதற்காகப் பேனாவைக் கீழே வைத்துவிடவில்லை அவள். ஆண்களின் பெயர்கள் போலத் தொனிக்கும் புனைபெயர்களில் மூவரும் 1846-ல் கவிதைப் புத்தகம் போட்டார்கள். முதல் வருஷம் விற்றவை இரண்டே பிரதிகள்! மறு வருஷம் வந்த 'ஜேன் அய்ர்' நாவல்தான் சார்லட்டை உலகறியச் செய்தது.

அந்த நாவலில், மாடி அறையில் பைத்தியக்காரி என்று பூட்டி வைக்கப்பட்ட ஒரு மனைவி வருகிறாள் அல்லவா? ஜமைக்காவிலிருந்து வந்த பெர்த்தா. அவளை வைத்து எவ்வளவு சண்டை! கரீபியத் தீவில் பிறந்த ஜீன் ரைஸ் அவளுக்காகவே 1966-ல் தனி நாவல் எழுதினார். கில்பர்ட், குபார் என்ற இரு அமெரிக்கப் பேராசிரியைகள், சாதுவான ஜேன் வெளியே காட்ட முடியாத கோபமே பெர்த்தா என்று 1979-ல் வாதித்தார்கள். கல்கத்தாவில் பிறந்த காயத்ரி ஸ்பிவாக் 1985-ல் வேறொன்று கேட்டார்: வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி கதாநாயகியாவதற்குக் காலனி நாட்டுப் பெண் நெருப்பில் விழ வேண்டுமா?

அதைப் படித்த பிறகு, அந்த மாடிக் கதவை முன்போல் சும்மா தாண்டிப் போக முடிவதில்லை. ஆனாலும் ஜேனைக் கைவிட மனம் வரவில்லை, என்ன செய்ய!

கால் வலிக்காவிட்டால், கரம்பு மேட்டில் நடந்து 'டாப் விதென்ஸ்' என்ற இடிந்த பண்ணை வீட்டையும் பார்த்துவிடுங்கள். வழிகாட்டிப் பலகைகள் ஜப்பானிய மொழியிலும் இருக்கின்றன. எமிலியின் 'உதரிங் ஹைட்ஸ்' நாவலில் வரும் வீடு இதுவே என்று எல்லோருக்கும் நம்பிக்கை. நாவலில் உள்ள வீட்டுக்கும் இதற்கும் சாயலே கிடையாது என்று, பிரான்ட்டி சங்கத்தாரே 1964-ல் சுவரில் கல் பதித்து எழுதி வைத்திருக்கிறார்கள். கூட்டமென்னவோ குறையவில்லை; மழையில் நனைந்துகொண்டு, அந்தக் கல்லின் பக்கத்திலேயே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.