ஆடு மேய்ப்பவருக்குத் தெரியாத குகையா?

கடலூர்க்காரனுக்கு மலை என்றால் கேப்பர் மலைதான். மத்திய சிறை இருக்கிற அந்தச் செம்மண் மேட்டை மலை என்று சொன்னால் செஞ்சிக்காரர்கள் சிரிப்பார்கள். அதனால்தான் நம் ஊர்ப் பிள்ளைகள் கயிறும் ஹெல்மெட்டுமாக வண்டியை எடுத்துக்கொண்டு செஞ்சிப் பக்கமும் திருக்கோவிலூர்ப் பக்கமும் பாறை ஏறப் போகிறார்கள். போகட்டும். இருபதில் ஏறாத பாறையை எழுபதில் ஏற முடியாது. என் முழங்கால் சாட்சி.

ஆனால், ஏறப் போன இடத்தில் புதர் மறைவில் ஒரு குகை தென்பட்டதும் ‘நாங்கள் கண்டுபிடித்தோம்’ என்று படம் எடுத்துப் போடுகிறீர்களே, அங்கேதான் உங்களோடு எனக்குச் சண்டை. அந்தக் குகை அங்கே ஆடு ஓட்டும் பாட்டிக்குத் தெரியும். அவள் மாமியாருக்கும் தெரிந்திருக்கும். மழை வந்தால் வேறெங்கே ஒதுங்குவார்கள்?

கடலூருக்கு வடக்கே கடலில் கலக்கும் தென்பெண்ணையை மேற்கே பிடித்துக்கொண்டு போனால், திருக்கோவிலூர் தாண்டி ஜம்பை வரும். அங்குள்ள குன்றில் ஒரு குகைத்தளம். ஊரார் அதைத் தாசிமடம் என்பார்கள். பெயர் வைத்துக் கூப்பிடும் இடம் ஊருக்குப் புதிதாக இருக்குமா? 1981இல் தமிழ்நாடு தொல்லியல் துறையினர் அங்கே போனபோது பாறையில் ஒரே வரி எழுத்து கண்ணில் பட்டது. சதியபுத்திரனான அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்த உறைவிடம் இது என்றது அந்த வரி. ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தவன் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அந்தப் பெயரேதான்.

அதன் மதிப்பு என்ன தெரியுமா? கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அசோகர் தம் இரண்டாம் பாறைக் கட்டளையில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு சதியபுத்திரரையும் குறித்து வைத்தார். மற்ற மூவரையும் தெரியும். சதியபுத்திரர் யார்? அறிஞர்கள் பல பத்தாண்டுகள் வாதாடி, ஆளுக்கொரு நாட்டைக் காட்டினார்கள். விடையோ கடலூரைத் தலைநகராகக் கொண்ட பழைய தென்னாற்காடு மாவட்டத்திலேயே, ஒரு பாறையில் கிடந்தது. குகையை எல்லாரும் பார்த்திருந்தார்கள். தமிழி என்னும் அந்தப் பழந்தமிழ் எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் அதுவரை உள்ளே போய் நிற்கவில்லை, அவ்வளவுதான்.

சிதம்பரத்துப் பிள்ளைகளுக்கு இன்னொன்று. இது மலைக்குகை இல்லை. இருட்டு மட்டும் அதே இருட்டு. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடங்கியது 1929இல். இரண்டே ஆண்டில், 1931 ஏப்ரலில், அங்கே வரலாறு கற்பித்த எஸ்.கே. கோவிந்தசாமி தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றியுள்ள இருண்ட உள்சுற்றுக்குள் போனார். சுவரில் நாயக்கர் கால ஓவியம். அது பெயர்ந்த இடத்தில் அடியில் இன்னொரு பூச்சு. அதில் சோழர் கால ஓவியம்! மேலே இருந்ததையும் பாழாக்காமல் தனியே பெயர்த்தெடுத்து வைக்கும் வேலையைப் பின்னாளில் இந்தியத் தொல்லியல் துறையின் வேதியியலார் செய்தார்கள். அவசரக்காரன் கையில் சிக்கியிருந்தால் இரண்டில் ஒன்று போயிருக்கும்.

ஆகவே குகை கண்டால் வாயிலிலேயே கொஞ்சம் நில்லுங்கள். மேலே மலைத்தேன் கூடு தொங்குகிறதா, கல்லிடுக்கில் பாம்பு இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் பாறையைப் பாருங்கள். தலைப்பக்கம் மேடாக, வழவழப்பாகச் செதுக்கிய தரை இருந்தால் சமணர் படுக்கையாக இருக்கலாம். மழைநீர் உள்ளே வழியாதபடி பாறை நெற்றியில் காடி வெட்டியிருப்பார்கள். விழுப்புரம் பக்கத்துக் கீழ்வாலையில் இருப்பதுபோல் செங்காவி ஓவியம்கூட இருக்கலாம். படத்தில் பளிச்சென்று தெரிய அதன்மேல் தண்ணீர் தெளிக்காதீர்கள். எழுத்தின்மேல் சாக்பீஸ் தேய்க்காதீர்கள். குளிருக்கென்று உள்ளே நெருப்பு மூட்டாதீர்கள். ஏறுவதற்கு ஆணி அடிக்க வேறு பாறை ஆயிரம் இருக்கிறது. காதலியின் பெயரை எழுத நினைப்பவருக்கு ஒரு தகவல்: மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். கேப்பர் மலையை உள்ளேயிருந்து பார்க்க நேரும்.

கண்ட இடத்தைக் கிராம நிர்வாக அலுவலரிடமோ தொல்லியல் துறையிடமோ முதலில் சொல்லுங்கள். வழி காட்டியவர் யார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். படம் போடுவதெல்லாம் அப்புறம். தமிழி எழுத்துகள் அதிகமில்லை, ஒரு விடுமுறைக்குள் பிடிபட்டுவிடும். அடுத்த முறை கயிற்றைத் தூக்கும் முன் அதைப் படித்துவிட்டுப் போங்கள்.