நமக்கு நாமே இடும் மதிப்பெண்

தேர்வு எழுதுபவரும் நாமே, விடைத்தாளைத் திருத்துபவரும் நாமே என்றால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று எண்ணிப் பார்க்காத மாணவி உண்டோ? அந்த வாய்ப்பு இவ்வாண்டு எங்களுக்குக் கிடைத்தது. பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் பயிலும் விடுதி மாணவியர் நால்வராகிய நாங்கள் அதை எப்படிப் பயன்படுத்தினோம் என்பதை இங்கே ஒளிக்காமல் எழுதுகிறோம்.

கோடை விடுமுறையில் எங்களுள் ஒருத்தி, கல்லூரியில் படிக்கும் தன் அக்காளிடமிருந்து ஒரு முறையைக் கற்றுவந்தாள். சிறு அட்டையின் முன்புறம் கேள்வி, பின்புறம் விடை. விடை தெரிந்தால் அந்த அட்டையைச் சில நாள் கழித்துப் பார்க்கலாம். தெரியாவிட்டால் மறுநாளே பார்க்க வேண்டும். படித்தது எவ்வாறு மறந்துபோகிறது என்பதை ஹெர்மன் எபிங்ஹாஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து சோதித்து 1885-இல் நூலாக வெளியிட்டார். அட்டைகளைப் பெட்டி அறைகளில் வரிசைப்படுத்திப் படிக்கும் வழியை செபாஸ்டியன் லைட்னர் 1972-இல் தம் நூலில் விளக்கினார். கைப்பேசியிலும் கணினியிலும் இப்படிப் படிக்க 'ஆங்கி' என்னும் செயலி இருக்கிறது.

விடுதியில் கைப்பேசிக்கு இடமில்லை. ஆகவே பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி அட்டைகள் செய்தோம். ஆளுக்கொரு செருப்புப் பெட்டியில் ஐந்து அறைகள் தடுத்தோம். முதல் அறையை நாள்தோறும் பார்ப்பது. மற்றவற்றை முறையே 2, 4, 8, 16 நாட்களுக்கு ஒருமுறை பார்ப்பது. விடை சரியானால் அட்டை ஓர் அறை முன்னேறும். தவறினால், எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்கே திரும்பிவிடும்.

முதல் வாரம் ஒழுங்காகவே நடந்தது. பிறகுதான் எங்கள் சாமர்த்தியம் வெளிப்பட்டது. "வைட்டமின் ஈ-யின் வேதிப்பெயர் என்ன?" என்று அட்டை கேட்கும். "டோ... டோ என்று ஆரம்பிக்குமே, நாக்கு நுனியில் இருக்கிறது" என்போம். அட்டையைத் திருப்பினால் 'டோகோஃபெரால்' என்றிருக்கும். "அதுதானே! தெரிந்ததுதான்" என்று அடுத்த அறையில் வைத்துவிடுவோம். விடையைப் பார்த்தபின் அடையாளம் கண்டுகொள்வது வேறு, பார்க்காமல் நினைவிலிருந்து எடுத்துச் சொல்வது வேறு என்பது அப்போது எங்களுக்கு உறைக்கவில்லை. எங்கள் ஐந்தாம் அறைகள் மளமளவென்று நிறைந்தன.

எங்களுள் ஒருத்திக்கு மட்டும் முதல் அறையே பிதுங்கியது. பாதி விடை சொன்னாலும் அட்டையை முதல் அறைக்கே அனுப்பிவிடுவாள். "உன் அட்டைகளுக்கு முதல் வகுப்பிலேயே ஃபெயிலா?" என்று நாங்கள் கேலி செய்தோம். அவள் சிரித்துக்கொள்வாள். ஒரு மாதத்திற்குள் அவளுடைய ஐந்தாம் அறையும் நிறைந்தது. "பார்த்தாயா, நாங்கள் சொன்னபடி ரோஷம் வந்துவிட்டது!" என்று மகிழ்ந்தோம்.

அரையாண்டுத் தேர்வுக்கு முன், எங்கள் உயிரியல் ஆசிரியை சிஸ்டர் படிப்பறைக்கு வந்தார்கள். பெட்டிகளைக் கண்டு பாராட்டிவிட்டு, ஒவ்வொருவரின் ஐந்தாம் அறையிலிருந்தும் பத்து அட்டைகளை எடுத்து விடைகளை எழுதச் சொன்னார்கள். எங்களுக்குக் கிடைத்தவை 4, 5, 3. நான்காமவளின் முறை வந்தபோது அவள் எழுந்து நின்று, "பின்னால் இருக்கும் அட்டைகளைக் கேளுங்கள், சிஸ்டர். முன்னால் இருப்பவை எனக்குத் தெரியாது. பெட்டி நிறைய வேண்டும் என்பதற்காக வைத்தேன்" என்றாள். சொல்லி முடிக்கும்போது குரல் தழுதழுத்தது. சிஸ்டர் பின்னாலிருந்து பத்து அட்டைகளை எடுத்தார்கள். அவள் ஒன்பதுக்குச் சரியாக விடை எழுதினாள்.

சிஸ்டர் யாரையும் கடிந்துகொள்ளவில்லை. "பெட்டி யாருக்குக் காட்ட நிறைகிறது, பிள்ளைகளே?" என்று மட்டும் கேட்டார்கள். எங்கள் மூவரால் தலை நிமிர முடியவில்லை. எங்களை நாங்களே ஏமாற்றிக்கொண்டது ஒரு தவறு. உண்மையாக இருந்த ஒருத்தியை வெட்கப்படுத்தி, அவளையும் எங்களைப் போல் ஆக்கியது அதைவிடப் பெரிய தவறு. அன்றிரவே அவளிடம் மன்னிப்புக் கேட்டோம்.

பிறகு எங்களுக்குள் சில விதிகளை வகுத்துக்கொண்டோம். விடையை வாய்விட்டுச் சொன்ன பிறகே அட்டையைத் திருப்ப வேண்டும். நாக்கு நுனியில் நின்றது தெரிந்ததாகாது. பாதி விடை தவறே. ஆனால் ஓர் அட்டையில் நான்கு செய்திகள் இருந்தால் அதை நான்கு அட்டைகளாகப் பிரிக்க வேண்டும். தெரிந்ததைத் தெரியாது என்று ஒதுக்குவதும் நேர்மையன்று. அது நேரத்தை வீணாக்கும். மற்றவள் பெட்டியை எட்டிப் பார்க்கக் கூடாது.

இதை அறிந்த அக்காளும் சிரித்தபடி தன் குறையைச் சொன்னார்கள். ஆங்கியில் 'மீண்டும்', 'கடினம்', 'சரி', 'எளிது' என்று நான்கு பொத்தான்கள் உண்டு. மறந்துபோனதற்கு 'மீண்டும்' என்பதை அழுத்த மனம் வராமல் 'கடினம்' என்பதை அழுத்திவந்தார்களாம். 'கடினம்' என்றால் சிரமப்பட்டேனும் நினைவுக்கு வந்தது என்றே செயலி எடுத்துக்கொள்ளும். நாம் சொன்னதை நம்பி அட்டையைத் தள்ளிப்போடும். செருப்புப் பெட்டியும் அப்படித்தான். நாம் சொன்ன பொய்யை அது பதினாறு நாள் பத்திரமாக வைத்திருந்து, மறந்த பிறகு நம்மிடமே திருப்பித் தருகிறது.

இப்போது எங்கள் நால்வரின் முதல் அறைகளும் பிதுங்கி வழிகின்றன. ஐந்தாம் அறைகளில் சில அட்டைகளே இருக்கின்றன. பொதுத் தேர்வு நெருங்கும் வேளையில் அதைப் பார்க்கச் சற்று அச்சமாகத்தான் இருக்கிறது. ஆயினும் அங்கே இருக்கும் அந்தச் சில அட்டைகளை இனி யார் எடுத்துக் கேட்டாலும் எங்களுக்குக் கவலையில்லை.