புதுக்கடைக்குப் போக பஸ் காசு ஆர் தாறது?

சட்டம் படிக்கிற பிள்ளையிடம் எங்கட ஊரில் இரண்டு கேள்விதான் கேட்பார்கள். வீட்டில் கேட்கிறது: "எப்ப உழைக்கத் தொடங்குவாய்?" வெளியில் கேட்கிறது: "எங்கட சனத்துக்காக எப்ப கதைக்கப் போறாய்?" முதல் கேள்விக்குப் பதில் சொல்லப் போனால் வெளியில் இருப்பவர்கள் "காசுக்குப் பின்னால போட்டான்" என்பார்கள். இரண்டாவதுக்குப் பதில் சொல்லப் போனால் வீட்டில் அம்மா அழுவார். இரண்டு கேள்வியையும் ஒரே ஆளிடம் கேட்கிறோம். இரண்டுக்கும் சேர்த்து ஒரு பதிலை அந்தப் பிள்ளை சொல்வதற்கு நாங்கள் என்ன ஏற்பாடு செய்து வைத்திருக்கிறோம் என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை.

எங்கட கூட்டத்தில் சட்டம் படித்தவர்கள் மூன்று பேர். படிக்கிற காலத்தில் மூவருமே பொதுநல வழக்குகள்தான் செய்வோம் என்றார்கள். இன்றைக்கு ஒருத்தி கொழும்பில் கம்பனிகளுக்கு ஒப்பந்தம் எழுதுகிறாள். ஒருவன் ஊரில் காணி உறுதி முடிக்கிறான். மூன்றாமவள் நீதவான் நீதிமன்றத்தில் ஒரு சீனியருக்குப் பின்னால் ஓடித் திரிகிறாள். சனிக்கிழமைகளில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களுக்குக் கடிதமும் சத்தியக்கடதாசியும் எழுதிக் கொடுக்கிறாள். முதல் இரண்டு பேரோடும் இப்ப கதைத்தாலும் அதே சூடு இருக்கிறது. ஆசையில் குறைவில்லை. கணக்குத்தான் சரிவரவில்லை.

அந்தக் கணக்கு ஏன் எங்கள் எல்லோருக்கும் முக்கியம் என்பதற்குச் சுன்னாகத்தை எடுப்போம். குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. குடிக்கவும் தோட்டத்துக்கு இறைக்கவும் சுண்ணாம்புக் கல்லுக்குள் நிற்கிற நிலத்தடி நீர்தான். சுன்னாகம் மின் நிலையத்தைச் சுற்றியிருந்த கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது ஊர் கொதித்தது. போராட்டங்கள் நடந்தன, மல்லாகம் நீதவான் நீதிமன்றத்திலும் வழக்கு நடந்தது. ஆனால் 2015இல் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவைத் தாக்கல் செய்தவர் ரவீந்திர காரியவசம் என்ற தெற்கைச் சேர்ந்த சூழலியலாளர். 2019 ஏப்ரல் 4ஆம் திகதி தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே அதற்கான செலவையும் ஏற்கவேண்டும் என்ற கொள்கையின்படி, நொதேர்ன் பவர் நிறுவனம் பாதிக்கப்பட்ட மக்களுக்காக 2 கோடி ரூபா செலுத்தவேண்டும் என்று நீதிமன்றம் கட்டளையிட்டது. இலங்கையின் சூழல் சட்டத்தில் முக்கியமான தீர்ப்புகளில் ஒன்று எங்கட கிணறுகளைப் பற்றியது.

அந்த மனிதருக்கு நாங்கள் நன்றி சொல்லவேண்டும். அதோடு ஒரு கேள்வியும் வருகிறது. குடாநாட்டில் சட்டத்தரணிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒரு மனுவைத் தூக்கிக்கொண்டு நாலு வருடம் கொழும்புக்கு அலையவும், அந்த நாலு வருடமும் வீட்டுச் செலவைச் சமாளிக்கவும் கூடிய இளம் சட்டத்தரணி எங்களிடம் எத்தனை பேர்?

அலைச்சல் என்று சொல்வது சும்மா இல்லை. அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டும். அது இருப்பது கொழும்பு புதுக்கடையில். மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் மனு போய்ச் சேரவேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்து விசாரணை நடந்துகொண்டிருந்தால், அந்தக் காலத்தைக் கழித்துவிடலாம் என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. ஆனால் பருத்தித்துறையில் பொலிஸ் அடித்துப்போட்ட ஒரு பெடியனின் தாய்க்கு இது தெரியுமா? ஆஸ்பத்திரியில் ஒரு கிழமை, பயத்தில் ஒரு கிழமை, ஆரிடம் போவது என்று விசாரிப்பதில் ஒரு கிழமை. மிச்சமிருக்கிற ஒரு கிழமைக்குள் தமிழில் அழுதுகொண்டு சொன்ன கதையை ஆங்கிலத்தில் மனுவாக்கி, ஆவணங்களைச் சேர்த்து, இரவு பஸ்ஸில் கொண்டுபோகவேண்டும். இதைச் செய்யக்கூடிய ஆள் பக்கத்து ஊரில் இருந்தால்தான் அந்த உரிமை உரிமை.

இனி அந்த ஆளின் பக்கத்துக்கு வருவோம். சட்டமாணிப் பட்டம் எடுத்தவுடன் கறுப்புக் கோட்டு போட ஏலாது. சட்டக் கல்லூரிப் பரீட்சை, பிறகு ஒரு சீனியரிடம் ஆறு மாதப் பயிற்சி, அதற்குப் பிறகுதான் உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம். பிறகும் ஜூனியராக நிற்கிற முதல் சில வருடங்களில் பலருக்குச் சம்பளம் என்று ஒன்று கிடையாது. சீனியர் தருகிற பஸ் காசும் மத்தியானச் சாப்பாடும்தான். இதற்குள் வீட்டில் தங்கச்சியின் படிப்பு, படிப்புக்கு வாங்கிய கடன், "கலியாணம் எப்ப" என்ற விசாரணை. உறுதி முடித்தால், விபத்து வழக்குப் பேசினால், மணல் ஏற்றிப் பிடிபட்ட டிப்பரை வெளியில் எடுத்துக் கொடுத்தால் அன்றைக்கே கையில் காசு. முப்பது வருடத்துக்கு முன் காணாமல் போன மகனைத் தேடுகிற கிழவியிடம் என்ன கேட்பது?

மொழியும் ஒரு சுவர். இங்கே நீதவான் நீதிமன்றத்தில் தமிழில் வழக்குப் பேசலாம். மேலே போகப் போக எல்லாம் ஆங்கிலம். சட்டக் கல்லூரிப் பரீட்சைகளையே ஆங்கிலத்தில் மட்டும் நடத்துவதற்கு 2020இன் கடைசியில் ஒழுங்குவிதி கொண்டு வந்தார்கள். 2023 மார்ச்சில் பாராளுமன்றம் அதை நிராகரித்தது நல்லதுதான். ஆனால் தமிழில் படித்து வந்தவருக்கு ஆங்கிலத்தில் மனு எழுதப் பழக்குகிற இடம் அதனால் வந்துவிடவில்லை.

வேறு வழியாக ஒருவர் செய்து காட்டினார். குமாரவடிவேல் குருபரன் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிப்பித்தபடியே நீதிமன்றத்திலும் தோன்றினார். 1996இல் நாவற்குழியில் இராணுவம் கைதுசெய்தபின் காணாமல் போன இளைஞர்களுக்காக 2017இல் யாழ்ப்பாண மேல் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யப்பட்ட ஆட்கொணர்வு மனுக்களில் முன்னிலையானார். விரிவுரையாளர் சம்பளம் இருந்தால் பாதிக்கப்பட்டவரிடம் கட்டணம் எதிர்பார்க்கத் தேவையில்லை. மாணவர்களுக்கும் சட்டம் புத்தகத்துக்கு வெளியில் எப்படி வேலை செய்கிறது என்று கண்ணால் பார்க்கக் கிடைக்கும். இராணுவம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் இதைக் கேள்வியாக்கியது. 2019 நவம்பரில் அவர் வழக்காடக் கூடாது என்று பல்கலைக்கழகப் பேரவை தீர்மானித்தது. 2020 ஜூலையில் அவர் பல்கலைக்கழகத்தை விட்டு விலகினார். அன்றைக்குச் சட்டத்துறையில் படித்துக்கொண்டிருந்த ஒவ்வொரு மாணவருக்கும் அது ஒரு பாடமாகப் போயிருக்கும்: சம்பளமா, வழக்கா, ஒன்றைத் தெரிவு செய்.

அமைப்பு ஒன்று பின்னால் நின்றால் நிலைமை வேறு. ரனித்தா ஞானராஜா மனித உரிமைகள் மற்றும் அபிவிருத்திக்கான நிலையத்தின் சட்டப் பிரிவில் இருந்துகொண்டு பயங்கரவாதத் தடைச் சட்டக் கைதிகளுக்காகவும் காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களுக்காகவும் பேசி வந்தவர். 2021இல் அமெரிக்க அரசின் சர்வதேச வீரப் பெண்கள் விருது அவருக்குக் கிடைத்தபோது நாங்கள் எல்லோரும் படத்தைப் பகிர்ந்தோம். ஆனால் விருதுக்கு முந்தைய வருடங்களைத் தாங்கியது எது என்று பார்க்கவேண்டும். இந்த வழக்குகள் ஒரு வருடத் திட்டத்துக்குள் முடிகிற சாமான் இல்லை. 2009 மே மாதம் இராணுவத்திடம் சரணடைந்தவர்களைத் தேடி வவுனியா மேல் நீதிமன்றத்துக்கு 2013இல் போன மனுக்களில் சிலவற்றுக்கு 2022 டிசம்பரில்தான் உத்தரவு வந்தது. ஒன்பது வருடத்துக்கு மேல். செம்மணியில் 1990களின் இறுதியில் தொடங்கிய கேள்வி, 2025இல் சித்துப்பாத்தி மயானத்தில் இருநூறுக்கும் அதிகமான எலும்புக்கூடுகளாக மேலே வந்திருக்கிறது. அதை இனி யார் தொடர்ந்து கொண்டுபோவது? இப்ப முப்பது வயதுக்குக் கீழே இருக்கிறவர்கள்தான்.

பெரிய வழக்குகள் மட்டும் பொதுநலம் இல்லை. 2025 மார்ச் 28 வர்த்தமானி ஞாபகம் இருக்கும். வடக்கில் ஏறத்தாழ 5,940 ஏக்கர் காணிக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணியாகும் என்றது. அதில் பெரும்பங்கு யாழ்ப்பாண மாவட்டத்தில். இடப்பெயர்விலும் 2004 சுனாமியிலும் உறுதியைத் தொலைத்த சனத்துக்கு மூன்று மாதம் எந்த மூலைக்கு? ஜூன் 27இல் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. அந்தத் தடை வரும் வரைக்கும் கிராமத்துக்குக் கிராமம் தேவைப்பட்டது, பெட்டியில் கிடக்கிற பழைய தாளைப் பார்த்து "இது காணும் அம்மா, இதை இப்படி எழுதுவம்" என்று சொல்லக்கூடிய ஆள். அதேபோலத் தேசவழமையின் கீழ் தன் பெயரிலுள்ள காணியை விற்கக் கணவனின் எழுத்துச் சம்மதம் கேட்கிறார்கள். கணவன் காணாமல் ஆக்கப்பட்டிருந்தால்? மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கேட்கலாம், காணாமற்போனமைக்கான சான்றிதழ் எடுக்கலாம். வழி சட்டத்தில் இருக்கிறது. கையைப் பிடித்துக் கூட்டிப்போக ஆள் குறைவு. சட்ட உதவி ஆணைக்குழு யாழ்ப்பாணத்தில் இருப்பது பெரிய உதவி. அது ஒன்றால் எல்லாவற்றையும் சுமக்க ஏலாது.

நவநீதம்பிள்ளையை எங்கள் எல்லோருக்கும் தெரியும், 2013 ஓகஸ்டில் இங்கே வந்தவர். அவருடைய தகப்பன் டேர்பனில் ஒரு பஸ் சாரதி. மகளின் சட்டப் படிப்புக்கு அயலில் இருந்த இந்தியச் சனம் காசு சேர்த்துக் கொடுத்தது. படித்து முடித்தபின் வெள்ளையரின் சட்ட நிறுவனங்கள் வேலை கொடுக்கவில்லை. 1967இல் சொந்தமாக அலுவலகம் திறந்தார். 1973இல் றொபன் தீவின் அரசியல் கைதிகளுக்குச் சட்டத்தரணியைச் சந்திக்கிற உரிமையை வாங்கிக் கொடுத்தார். அவருடைய துணிச்சலைப் பேசுகிற நாங்கள், அந்தத் தெருவில் காசு சேர்த்தவர்களையும் பேசவேண்டும். அதே நாட்டில் 1979இல் ஆதர் சாஸ்கல்சனும் நண்பர்களும் சட்ட வளங்கள் நிலையத்தைத் தொடங்கினார்கள். வழக்குக் கொண்டுவந்த ஏழையிடம் காசு வாங்கவில்லை; உள்ளே வேலை செய்த சட்டத்தரணிக்குச் சம்பளம் இருந்தது. நிறவெறி ஆட்சியை நீதிமன்றத்தில் எதிர்த்தவர்கள் மாதக் கடைசியில் வீட்டு வாடகை கட்டினார்கள்.

இதை இங்கே செய்ய என்ன தடை? எங்கட பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கங்கள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேணிலும் இருக்கின்றன. மைதானத்துக்குப் பார்வையாளர் அரங்கு கட்டுகிறார்கள், கோயிலுக்குக் கோபுரம் எழுப்புகிறார்கள். அதில் ஒரு சங்கம், தன் பாடசாலையில் படித்து வந்த ஒரே ஒரு இளம் சட்டத்தரணிக்கு இரண்டு வருடம் மாதச் சம்பளம் கொடுக்கட்டும். என்ன வழக்கு எடுப்பது என்று அவர்கள் சொல்லக்கூடாது. அது சட்டத்தரணியின் முடிவு. நகரத்தில் மூன்று நாலு பேர் பகிர ஒரு அறை, ஒரு பிரிண்டர். கொழும்பில் அடிப்படை உரிமை வழக்குகள் செய்கிற ஒரு சீனியரோடு சேர்ந்து முதல் பத்து மனுக்கள். ஆங்கில வரைவுக்குக் கிழமையில் ஒரு பின்னேரம். இவ்வளவும் ஒரு கோபுரத்தின் அரைவாசிச் செலவுக்கும் வராது.

நாங்கள் செய்வது மிகச் சின்னது. மாதம் தலைக்கு ஆயிரம் ரூபா போட்டு, அந்த மூன்றாமவளின் கொழும்புப் பயணத்துக்கும் போட்டோகொப்பிக்கும் கொடுக்கிறோம். முதல் முறை கொடுத்தபோது வாங்கத் தயங்கினாள், "எனக்கு நீங்கள் பிச்சை போடுறியளோ?" என்று கேட்டாள். "உனக்கில்லை, நாளைக்கு எங்களைப் பொலிஸ் பிடிச்சால் வாறதுக்கு இப்பவே கட்டுறம்" என்றான் ஒருவன். அவள் சிரித்துக்கொண்டு வாங்கினாள். அடுத்த தவணை வருகிற மாதம் புதுக்கடையில்.