ரேழியின் தரை

திருவல்லிக்கேணியில் எங்கள் வீடு ஒரு குறுகிய தெருவில், இருபுறமும் அண்டை வீட்டாரின் சுவர்களுக்கிடையே செருகி வைத்தாற்போல் அமைந்திருக்கிறது. தெருக்கதவைத் திறந்தவுடன் வருவது ரேழி. நாலேகால் அடி அகலமும் ஏழரை அடி நீளமும் உள்ள சிறிய இடம். அதற்குப் புதுத் தரை போடுவதென்று சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில் தீர்மானித்தோம். கணக்குப் பார்த்தால் ஏறத்தாழ 32 சதுர அடி. ஒரே நாளில் முடிந்துவிடக் கூடிய வேலைதானே என்று எண்ணினோம். ஆனால் எந்த ஓடு, என்ன அளவு, என்ன நிறம் என்று முடிவு செய்வதற்கே எங்களுக்கு ஏழு வாரங்கள் பிடித்தன. இந்த அனுபவம் வாசகர்களுள் சிலருக்கேனும் பயன்படக் கூடும் என்பதால் எழுதுகிறோம்.

ரேழி என்பது வீட்டின் மிகச் சிறிய பகுதி. ஆனால் மிகுதியாக மிதிபடும் பகுதியும் அதுவே. இதனையே பழைய நூல்கள் இடைகழி என்று குறிப்பிடுகின்றன. திருக்கோவலூரில் ஒரு மழையிரவில் முதலாழ்வார் மூவரும் ஒதுங்கி நின்ற இடம் இத்தகைய இடைகழிதான் என்றும், அங்கே ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம், மூவரானால் நிற்கத்தான் முடியும் என்றும் வழங்கும் வரலாற்றை எங்கள் எதிர்வீட்டுப் பெரியவர் சொல்லக் கேட்டிருக்கிறோம். எங்கள் ரேழியும் அதே அளவுதான். பால்காரர், தபால்காரர், மழைக்கு ஒதுங்கும் அயலார், பள்ளிவிட்டு ஓடிவரும் பிள்ளைகள் என எல்லாரும் முதலில் கால் வைப்பது அங்கேயே.

அந்த ரேழியில் ஒரு நாற்காலி உண்டு. அதில் மாலைதோறும் அமர்ந்திருப்பவர் எங்கள் வீட்டு மூத்தவர். எங்களுள் ஒருவருக்கு அவர் அம்மா, மற்றவருக்கு அத்தை. அகவை 84. கிளாக்கோமா நோயினால் பார்வை மங்கிவிட்டது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது, ஆனால் அச்சம் மட்டும் நீங்கவில்லை. அதன் பிறகு அவர் தெருப்பக்கம் வந்து உட்காருவதையே குறைத்துக் கொண்டார். பூக்காரியின் குரலும், கோயிலுக்குப் போகிறவர்களின் பேச்சும், கடற்கரையிலிருந்து திரும்பும் கூட்டத்தின் இரைச்சலும் கேட்காவிட்டால் அவருக்குப் பொழுதே போவதில்லை. ஆகவே அவருக்கு ரேழியின் தரை வெறும் தரையன்று. தெருவுக்குப் போகும் பாதை.

பழைய தரை சிவப்புத் தரை. சிமெண்டுடன் சிவப்பு ஆக்சைடு பொடி கலந்து, கரணையால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியது. 1961-ஆம் ஆண்டு மாமா போட்டது. இணைப்பே இல்லாமல் ஒரே பரப்பாக இருப்பது அதன் அழகு. அதுவே அதன் குறையுமாகும். ஒரு முறை வெடித்துவிட்டால் வெடித்த இடத்தை மட்டும் பூசி மறைக்க இயலாது. புதுச் சிவப்பு பழைய சிவப்போடு ஒன்றுவதில்லை. எங்கள் ரேழியில் மூன்று வெடிப்புகள் ஓடின. அவற்றுள் ஒன்று காலைத் தடுக்கும் அளவுக்கு எழும்பிவிட்டது.

முதலில் ஒரு பெரிய கடைக்குச் சென்றோம். அங்கே எங்களை வரவேற்ற இளைஞர், "சின்ன இடத்துக்குப் பெரிய ஓடு போடுங்கள், இடம் பெரியதாகத் தெரியும்" என்றார். இரண்டடிக்கு இரண்டடி, தந்த நிறம், கண்ணாடிபோல் மின்னும் விட்ரிஃபைட் ஓடு. அவர் சொன்னதில் உண்மை இல்லாமலில்லை. இணைப்புக் கோடுகள் குறையக் குறையத் தரை விரிந்து தோன்றும். வெளிர்நிறம் இருண்ட ரேழிக்கு வெளிச்சம் தரும். விட்ரிஃபைட் ஓடு என்பது மிகுந்த வெப்பத்தில் சுடப்பட்டு, ஏறக்குறைய கண்ணாடித் தன்மை அடைந்தது. தன் எடையில் அரை விழுக்காட்டுக்கு மேல் நீரை உறிஞ்சாது. சாதாரணச் செராமிக் தரை ஓடு மூன்று முதல் ஆறு விழுக்காடு வரை உறிஞ்சும். சுவருக்கென்று செய்யப்படுவது பத்துக்கும் மேல். ஆகையால் சுவர் ஓட்டை அழகாயிருக்கிறதென்று தரையில் போடலாகாது. இவற்றையெல்லாம் கேட்டு மகிழ்ந்து, அந்த ஓட்டையே வாங்குவதென்று பாதி முடிவோடு வீடு திரும்பினோம்.

மறுநாள் மேஸ்திரி வந்தார். நாற்பது ஆண்டுகளாக இவ்வட்டாரத்தில் வேலை செய்பவர். அளவு நாடாவை எடுத்துத் தெருவாசலில் ஒரு முறையும், உள்வாசலில் ஒரு முறையும் அகலத்தை அளந்தார். "ஐயா, வெளியே 51 அங்குலம், உள்ளே 49-தான். உங்கள் ரேழி சதுரமாக இல்லை" என்றார். இத்தனை ஆண்டுகள் அவ்வீட்டில் வாழ்ந்தும் நாங்கள் அதை அறியவில்லை!

பிறகு அவர் சுண்ணக்கட்டியால் தரையிலேயே கோடு போட்டுக் காட்டினார். இரண்டடி ஓடு என்பது 600 மில்லிமீட்டர், அதாவது 23.6 அங்குலம். இரண்டு ஓடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 47.2 அங்குலம் போக, ஓரத்தில் நான்கு அங்குலம்கூட இல்லாத ஒரு துண்டு மிஞ்சும். உள்ளே போகப் போக அத்துண்டு மேலும் ஒடுங்கி இரண்டு அங்குலத்துக்கும் குறைந்துவிடும். சுவர் கோணலாயிருப்பதை அத்துண்டே ஊருக்குப் பறைசாற்றும். ஓரடி ஓட்டிலும் நான்கை வரிசையாக வைத்தால் இதே கதிதான். ஆனால் மூன்று முழு ஓடுகளை நடுவில் வைத்து, இருபுறமும் ஒரே அளவாக வெட்டினால், தெருப்பக்கம் ஏழே முக்கால் அங்குலமும் உட்பக்கம் ஏழுக்குச் சற்றுக் குறைவாகவும் வரும். ஒரு பக்கத்திலேயே இரண்டு அங்குலம் குறைந்தால் கண்ணுக்குத் தெரியும். இரு பக்கமும் ஓரங்குலமாகப் பகிர்ந்துவிட்டால் தெரியாது. குறையை இருவராகப் பங்கிட்டுக் கொள்ளும் இந்த முறை குடும்பத்துக்கும் ஏற்றதுதான் என்று எங்களுக்குள் சிரித்துக் கொண்டோம்.

அவர் சொன்ன இன்னொரு செய்தி அதைவிட முக்கியமானது. "ரேழிக்குத் தெருவைப் பார்த்துச் சரிவு வேண்டும், ஐயா. பெரிய ஓடு சரிவுக்கு வளையாது." மாமா போட்ட பழைய தரையில் அந்தச் சரிவு இருந்தது, ஏழரை அடிக்கு முக்கால் அங்குலம். அதைக்கூட நாங்கள் அதுவரை கவனித்ததில்லை. சென்னையின் பழைய பகுதிகளில் சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே மறுபடி மறுபடி தார் போட்டதால் தெருக்கள் உயர்ந்து, வீடுகள் தாழ்ந்து போயின. மாமா காலத்தில் எங்கள் வாசலுக்கு மூன்று படிகள். இப்போது ஒன்றே மிச்சம். ஐப்பசி மழையில் உள்ளே தெறிக்கும் நீர் வெளியே வடிய அந்த முக்கால் அங்குலம்தான் துணை.

அளவு ஒருவாறு முடிந்தது. ஆனால் ஓட்டின் வகையும் நிறமும் இலேசில் முடியவில்லை. எங்களுள் ஒருவருக்கு ஆத்தங்குடி ஓட்டின் மேல் ஆசை. காரைக்குடிக்கு அருகே சிவகங்கை மாவட்டத்திலுள்ள அச்சிற்றூரில், கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டுக் குழம்பைக் கையால் ஊற்றிப் பூவும் கொடியுமாகச் செய்கிறார்கள். அதன் மேல் மணலும் சிமெண்டும் இட்டு, வெயிலில் உலர்த்தி, பின் பல நாட்கள் நீரில் ஊறவைக்கிறார்கள். சூளையே கிடையாது. கண்ணாடியின் வழவழப்பே ஓட்டின் வழவழப்பாகிறது. துடைக்கத் துடைக்க மெருகு கூடுகிறது. செட்டிநாட்டு வீடுகளில் அதைக் கண்டவர்கள் மறக்க மாட்டார்கள். மற்றவருக்கோ கறுப்பும் வெள்ளையுமான சதுரங்கக் கட்டம்தான் கம்பீரமாகத் தோன்றியது. இரண்டு வாரங்கள் வீட்டில் இதே பேச்சு. ஒரு நாள் இரவு பேச்சு தடித்து, சாப்பாட்டின்போது மௌனமே நிலவியது.

அந்த மௌனத்தில்தான் பெரியவர் மெல்லக் கேட்டார்: "அந்தத் தரையில் நான் நடக்கலாமா, கண்ணு?"

எங்கள் இருவருக்கும் சுருக்கென்றது. ஏழு வாரங்களில் ஐந்து வாரங்கள் கழிந்துவிட்டன. கடைக்காரரைக் கேட்டோம், மேஸ்திரியைக் கேட்டோம், உறவினரைக் கேட்டோம். அத்தரையில் அன்றாடம் நடக்கப் போகிறவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுவாரம் நான்கு மாதிரி ஓடுகளை இரவலாக வாங்கி வந்து ரேழியில் பரப்பினோம். தந்த நிற மின்னல் ஓடு ஒன்று; ஆத்தங்குடி ஓடு ஒன்று; கறுப்பு வெள்ளைக் கட்டம்; நான்காவது, மேஸ்திரி சொன்ன, சொரசொரப்பான மேட் வகை ஓரடி ஓடு, செம்மண் நிறத்தில். சுவரோரம் நன்றாகச் சாய்த்து அசையாமல் பொருத்தி, இருவரும் இருபுறமும் தாங்கிக் கொள்ள, பெரியவரை நடக்கச் செய்தோம்.

தந்த நிற ஓட்டில் வாசல் வெளிச்சம் பட்டுத் தெறித்தது. அவர் கண்களை இடுக்கி, "தண்ணீர் கொட்டியிருக்கிறதா?" என்றார். அது உலர்ந்திருந்தது. ஆத்தங்குடி ஓட்டின் பூக்களை விரலால் தடவி மகிழ்ந்தார். ஆனால் ஒரு குவளை நீரை ஊற்றியபின் நாங்கள் கால் வைத்துப் பார்த்தபோது எங்களுக்கே வழுக்கியது. கறுப்பு வெள்ளைக் கட்டத்தின் முன் வந்ததும் அவர் நின்றுவிட்டார். எங்கள் கைகளை இறுகப் பற்றிக் கொண்டு, ஒரு காலை உயரத் தூக்கி, கறுப்புச் சதுரத்தைத் தாண்ட முயன்றார்.

"என்னம்மா?"

"இங்கே பள்ளம் இருக்கிறதே, பார்க்கவில்லையா?"

பார்வை மங்கியவர்களுக்கு நிறங்களின் வேறுபாடு ஆழத்தின் வேறுபாடாகத் தோன்றக் கூடும் என்பதை அன்று கண்ணாரக் கண்டோம். வெளிர்தரையின் நடுவே ஒரு கரும்பட்டை அவர்களுக்குக் குழியாகிவிடும். ஒரே நிறப் படியின் விளிம்போ தெரியாமலே போய்விடும். வேறுபாடு வேண்டாத இடத்தில் அதைச் செய்து, வேண்டிய இடத்தில் விட்டுவிடுகிறோம்.

நான்காவது ஓட்டில் அவர் நீரின் மேலேயே மெல்ல நடந்தார். கால் நின்றது. சதுரங்கக் கட்டம் கேட்டவர் தாமாகவே அந்த ஓட்டை எடுத்துத் தனியே வைத்தார். ஆத்தங்குடி கேட்டவரும் ஒன்றும் சொல்லவில்லை. கடற்கரை மணல் செருப்போடு வந்து தேய்க்கும் வாசலில் பளபளப்பு விரைவில் கீறி மங்கும் என்பதும், நிலத்து உப்பு சிமெண்டு ஓட்டில் வெண்மையாகப் பூக்கக் கூடும் என்பதும் பிறகு நாங்கள் எங்களுக்கே சொல்லிக் கொண்ட காரணங்கள்.

இங்கே ஒரு குறிப்பு. ஓடு எவ்வளவு வழுக்கும் என்பதற்கு ஓர் அளவுகோல் உண்டு. எண்ணெய் தடவிய சாய்தளத்தில் ஆளை நடக்கவிட்டுச் சோதித்து ஆர் 9 முதல் ஆர் 13 வரை குறிக்கிறார்கள். எண் கூடக் கூடப் பிடிப்பு கூடும். கடைகளில் விவரத் தாளைக் கேட்டால் காட்டுவார்கள். மழை படும் வாசலுக்கு ஆர் 10-க்குக் குறையாமல் பார்ப்பது நலம். மிகவும் சொரசொரப்பானது அழுக்கைப் பிடித்துக் கொள்ளும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

மூன்று வரிசை முழு ஓடு 24, வெட்டுவதற்கு 16, ஆக 40. உடைவுக்கும் பிற்காலத் தேவைக்கும் ஐந்து சேர்த்து 45 ஓடுகள் வாங்கினோம். பிற்காலத்தில் அதே நிறம் கிடைக்காது. ஆகவே இந்த ஐந்தில் சிக்கனம் கூடாது.

கடைசியாக ஒரு கேள்வி எஞ்சியது. பழைய தரையைப் பெயர்ப்பதா? மேஸ்திரி சுத்தியலின் பிடியால் அங்குலம் அங்குலமாகத் தட்டிக் கேட்டார். எழும்பிய இடத்தில் மட்டும் தரை பொத்தென்று ஒலித்தது. மற்ற இடமெல்லாம் கெட்டி. அதனால் அந்த ஓரிடத்தை மட்டும் பெயர்த்துச் சமன் செய்து, மற்றதைச் சிறு கொத்தாகக் கொத்திவிட்டு, ஒட்டுப்பசையால் அதன் மேலேயே ஓட்டைப் பதித்தார். உயரம் அரை அங்குலமே கூடியது. தச்சர் வந்து கதவின் அடியை இழைத்துக் கொடுத்தார். கூடத்துக்கு ஏறும் படியின் விளிம்பில் மட்டும் தந்த நிறத்தில் இரண்டு அங்குலப் பட்டை வைத்தோம். வேறு எந்த அலங்காரமும் இல்லை. மாமாவின் தரையும் அதன் சரிவும் அப்படியே கீழே இருக்கின்றன.

புரட்டாசிக் கடைசியில் வேலை முடிந்தது. ஐப்பசியில் முதல் பெருமழை பெய்த மாலை, நீர் வாசலில் தெறித்து, தங்காமல் வெளியே வடிந்தது. நாங்கள் கூடத்தில் ஏதோ வேலையாயிருந்தோம். திரும்பிப் பார்த்தால் பெரியவர் சுவரை ஒரு கையால் தொட்டபடி, படியின் வெள்ளைப் பட்டையைக் கண்டு நிதானித்து இறங்கி, எவரையும் அழைக்காமல் தம் நாற்காலிக்குப் போய்க் கொண்டிருந்தார். ஓடிப் பிடிக்க எழுந்தோம், பிறகு உட்கார்ந்துவிட்டோம்.

அன்றிரவு அவர் கேட்டார்: "தரை என்ன நிறம் போட்டீர்கள்?"

"செம்மண் நிறம், அத்தை."

"அப்படியானால் பழைய தரைதானே!" என்றார் அவர்.

வீட்டுக்கு ஓடு வாங்கப் போகும் அன்பர்களுக்கு எங்கள் வேண்டுகோள் இதுவே. கடையின் விளக்கொளியில் முடிவு செய்யாதீர்கள். மாதிரியை வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். அது கிடக்கப் போகும் இடத்தில் வைத்து, நீர் ஊற்றி, வீட்டிலேயே மிகத் தளர்ந்தவரை அதன் மேல் நடக்கச் சொல்லுங்கள். கையைப் பிடித்துக் கொள்ள மறவாதீர்கள்.