கண்ணாடிப் பேழைக்குள் எங்கள் வீடு

பழம்பொருள்களைப் பேணாத சமுதாயம் தன் முகத்தைத் தானே மறந்துவிடும் என்று வகுப்பறையில் பலமுறை சொல்லியிருக்கிறேன். அவ்வாறு சொன்ன நானே அந்த மறதிக்கு உடந்தையாக இருந்தவன் என்பதைக் கடல் கடந்த ஒரு கோட்டை எனக்கு உணர்த்தியது.

2017 ஆம் ஆண்டு மே மாதத்தில், துபாயில் பணிபுரியும் என் தம்பியின் இல்லத்தில் சில நாள்கள் தங்கியிருந்தேன். வானளாவிய கட்டடங்களையெல்லாம் காட்டி முடித்த அவன், ஒரு மாலைப்பொழுதில் அல் ஃபஹீதிக் கோட்டைக்கு என்னை அழைத்துச் சென்றான். 1787 இல் எழுப்பப்பட்ட அக்கோட்டை, அந்நகரில் எஞ்சியுள்ள கட்டடங்களுள் மிகப் பழையது. பவளப்பாறைக் கற்களைச் சாந்திட்டு அடுக்கிய தடித்த சுவர்கள் அதற்கு. ஆட்சியாளரின் உறைவிடமாகவும், காவற்படையின் இருப்பிடமாகவும், சிறைக்கூடமாகவும் விளங்கிய அது, 1971 இல் அருங்காட்சியகமாயிற்று.

முற்றத்தில் பழைய படகுகள் கிடந்தன. அருகே பேரீச்சை ஓலையால் வேய்ந்த குடிசை ஒன்று, காற்றைப் பிடித்து உள்ளே இறக்கும் கோபுரத்துடன் நின்றது. நிலவறைக்குள் இறங்கினால் பழைய கடைத்தெரு, குர்ஆன் ஓதக் கற்கும் சிறுவர்கள், பேரீச்சந் தோட்டம். மணிமுடியையும் அரியணையையும் எதிர்பார்த்துச் சென்ற என்னை, உழைத்துப் பிழைத்த எளிய மக்களின் வாழ்க்கையே எதிர்கொண்டது.

முத்துக்குளித்தல் பகுதியில் என் கால்கள் தாமாக நின்றன. மூக்குக் கவ்வி, கடலடிக்கு இறக்கும் கல், சிப்பி திரட்டும் கூடை, முத்து நிறுக்கும் தராசு ஆகியவற்றைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அவற்றுக்கிடையே முத்துக்களை அளவு பிரிக்கும் சல்லடைகள் இருந்தன.

"காக்கா, இது நம்ம வீட்டில் இருந்ததுதானே?" என்றான் தம்பி.

ஆம், இருந்ததுதான். எங்கள் தாய்வழிப் பாட்டனார் கீழக்கரையில் முத்துத் தரம் பிரிப்பவராக வாழ்ந்தவர். ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் பத்துப் பித்தளைச் சல்லடைகள் அவரிடம் இருந்தன. முதலாவதில் 20 துளைகள்; கடைசியில் 1000 துளைகள். குற்றமற்ற உருட்சியும் ஒளியும் கொண்ட ஆணிமுத்து முதல், பொடியெனச் சிந்தும் தூள்முத்து வரை அவர் கையில் தரம் பிரிந்தன. தூத்துக்குடிக் கடலில் 1955 முதல் 1961 வரை நடந்த முத்துக்குளிப்போடு அத்தொழில் ஓய்ந்தது. சல்லடைகள் பரணேறின.

வளைகுடாவிலும் அத்தொழில் அழிந்ததுதான். 1929 இல் தொடங்கிய உலகப் பொருளாதார வீழ்ச்சியும், ஜப்பானியரின் வளர்ப்பு முத்தும் அதனை வீழ்த்தின. அதற்கு முன்னர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இலங்கையின் மரிச்சுக்கட்டியில் நடந்த முத்துக்குளிப்பில் அரபியரும், கீழக்கரை முஸ்லிம்களும், பரதவரும் ஒரே கடலில் மூழ்கியிருக்கிறார்கள். அரபியர் மூக்கில் கவ்வியிட்டு மூழ்கினர். நம்மவர் விரல்களால் மூக்கைப் பொத்திக்கொண்டு மூழ்கினர். இரு கரையினருக்கும் தொழில் ஒன்று. அதன் முடிவும் ஒன்று. நினைவைக் காத்ததில்தான் வேறுபட்டோம்.

2009 இல் எங்கள் பூர்வீக வீட்டை இடித்துப் புது வீடு கட்டினோம். தம்பி துபாயிலிருந்து அனுப்பிய பணம் அது. பரணிலிருந்து இறங்கிய சல்லடைகளைப் பழைய பித்தளை வாங்குபவரிடம் எடைக்குப் போட்டவன் நான். முதுகலையும் ஆய்வியல் நிறைஞர் பட்டமும் பெற்ற நான்! துபாய் தன் சல்லடைகளைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்துக் காத்தது. அந்நகரில் ஈட்டிய பொருளைக் கொண்டு நாங்கள் எங்களுடையவற்றைத் தொலைத்தோம்.

ஊர் திரும்பியதும் உம்மாவிடம் இதனைச் சொன்னேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "பெரிய கண் சல்லடையில் கடல் மணலைச் சலித்து விளையாடுவாயே, மறந்துவிட்டாயா?" என்று மட்டும் கேட்டார். அன்றிரவு ஒரு குறிப்பேட்டை எடுத்து உம்மாவின் அருகில் அமர்ந்தேன். பாட்டனார் வழங்கிய தொழிற்சொற்களை அவர் நினைவுகூர நினைவுகூர எழுதிக்கொண்டேன். பொருள்கள் போய்விட்டன, சொற்களாவது எஞ்சின.

மாணவச் செல்வங்களே! உங்கள் வீட்டுப் பரணிலும் ஏதேனும் இருக்கும். ஓதுவதற்கு விரித்து வைத்த ரைஹால் பலகையாக இருக்கலாம். பாட்டியார் முடைந்த ஓலைக் கொட்டானாக இருக்கலாம். யாரும் படிக்காத அரபுத்தமிழ்ப் பிரதியாகவும் இருக்கலாம். அதன் பெயர் என்ன, யார் பயன்படுத்தினார், எதற்குப் பயன்பட்டது என்பவற்றை வீட்டு முதியவரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வாருங்கள். விற்பதற்கு முன் கேளுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.

சமுதாயப் பெரியோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நமக்குக் கோட்டை வேண்டாம். நம் தமிழ்த்துறையில் கண்ணாடிக் கதவிட்ட ஓர் அலமாரி போதும். அதன் முதல் தட்டில், இன்ஷா அல்லாஹ், உம்மா சொல்லி நான் எழுதிய அந்தக் குறிப்பேட்டை வைப்பேன்.